கிறிஸ்தவர் குறி கேட்கலாமோ?

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கத்தின் காரியதரிசியவர்கள் எம்மை இக்கூட்டத்திலே பேசுமாறு பணித்தகாலை, பண்டிதராகிய நீர் இலக்கியத்திலிருந்து ஏதேனும் எடுத்துரைத்தல் நலம் என்று கூறினார்கள். யாமும் இசைந்தோம். ஆயினும் மூன்று வாரங்களுக்கு முன் எம் இல்லத்திற்கு வந்த ஒரு செய்தி எம் நெஞ்சை விட்டு அகலாமையின், இலக்கியத்தைத் துணையாக மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு பொருளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அச்செய்தி யாதென்பதைப் பின்னர்க் கூறுவோம். பொருள் இது: கிறிஸ்தவராயுள்ளோர் சோதிடரிடத்தும் குறிகாரரிடத்தும் சென்று வருங்காலத்தையும் மறைபொருளையும் வினவுதல் தகுமோ என்பது.

முதற்கண் ஒன்று சொல்லவேண்டும். நம் சங்கம் இரு சமயத்தாரையும் தன் மடியிலே தாங்குவது. ஒரே பாட்டனாரின் பேரரில் ஒரு கிளையார் கோயிலுக்கும் மற்றொரு கிளையார் தேவாலயத்துக்கும் செல்லுதல் நம்முள் புதிதன்று. இந்துக்களாகிய நம் உறவினர்க்குச் சோதிடம் அவர்தம் சமய ஒழுக்கத்தோடு பின்னி வந்த ஒரு சாஸ்திரம். அதனைப் பழிக்க யாம் இங்கு நிற்கவில்லை. யாம் வழக்காடுவது எம் வீட்டாரோடுதான். ஏனையோர் உறவின் உரிமையால் செவிசாய்த்தருள்க.

நம்மவர் குறி கேட்கச் செல்கின்றனரோ என்று ஐயுறுவார் இவ்வவையில் இலர். விவாக அழைப்பிதழின் தலைப்பிலே வேத வசனம் அச்சாகின்றது. அதன் கீழே குறித்த மணி ராகு காலத்துக்குத் தப்பியதாக இருக்கின்றது. வெள்ளிக்கிழமையாயின் பத்தரைக்கு முன்னரோ பன்னிரண்டுக்குப் பின்னரோ அமைகின்றது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணி முதல் 6 மணி வரை ராகு காலம். அந்நேரத்திலேதான் எத்தனையோ ஊர்களில் மாலை ஆராதனைக்கு மணி அடிக்கின்றது. அதனால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததாக யாம் கேட்டதில்லை. இவை சிறியன. இருட்டிய பிறகு முக்காட்டோடு பக்கத்தூர்க் கோடாங்கியிடம் போவாரும், வைத்தீசுவரன் கோயிலுக்குச் சுற்றுலா என்று சொல்லி நாடி ஏடு பார்த்து வருவாரும், கைப்பேசியில் அன்றன்றைய ராசிபலனைத் திறந்து, பிறர் வந்தால் மூடிவைப்பாரும் நம்முள் உளர். மறைத்துச் செய்கின்றமையே, அது தகாது என்பதை அவர்கள் அறிவார்கள் என்பதற்குச் சான்று.

விதி தெளிவானது. உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்திலே குறி சொல்லுவோன், நாள் பார்ப்போன், சகுனம் பார்ப்போன், மரித்தோரை வினவுவோன் ஆகியோரிடத்துச் செல்லலாகாதென்று இஸ்ரவேலர்க்கு விலக்கப்பட்டது. பிற்காலத்துச் சபையும் இதனைத் தளர்த்தவில்லை. இன்று அங்காரா எனப்படும் அன்சீராப் பட்டணத்திலே 314ஆம் ஆண்டு கூடிய சங்கம், குறி பார்ப்பார்க்கு ஐந்தாண்டுத் தவ ஒறுப்பு விதித்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட மறைக்கல்வி நூலும், 2116ஆம் எண்ணிலே சோதிடம், கைரேகை, சகுனம் முதலியவற்றை ஒருங்கே விலக்குகின்றது. வேறு பலவற்றிலே மாறுபட்டு நிற்கும் சபைகள் இதிலே ஒருமுகமாய் நிற்கின்றன.

எனினும், விதியை ஓதிவிட்டால் வினை முடிந்ததென்று எண்ணுதற்கு யாம் இத்தனையாண்டு பள்ளி ஆசிரியராய் இருந்தது போதாது. விதியைக் கேட்டவர் உடனே ஒரு மறுப்புக் கூறுவர்: “ஐயா, அவர் சொன்னது அப்படியே பலித்ததே!” என்பது அது. பலித்தது பொய்யென்று நாம் வாதிடுவோம். அவர் மற்றோர் உதாரணம் காட்டுவார். வழக்கு விடியுமட்டும் நடக்கும். வேதாகமம் அவ்வழியே செல்லவில்லை என்பதை நம்மவர் பலர் கவனித்ததில்லை. உபாகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரம், ஒருவன் சொன்ன அடையாளம் பலித்தாலும் அதுபற்றி அவன் பின்னே செல்லற்க என்றே கட்டளையிடுகின்றது. அப்போஸ்தலர் நடபடிகளிலே பிலிப்பிப் பட்டணத்து அடிமைப்பெண் ஒருத்தி வருகின்றாள். அவள் பவுலையும் அவருடைய தோழரையும் பின்தொடர்ந்து, இவர்கள் உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் என்று பல நாள் கூவினாள். அவள் கூறியதிலே பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் பவுல் அந்த ஆவியைத் துரத்தினார். துரத்தியதும் கலகம் எழுந்தது, யாருக்கு? அப்பெண்ணை வைத்துப் பொருள் ஈட்டிய எசமானர்க்கு. குறி பொய்யாதலின் தீது என்பதன்று. மெய்யானாலும் அதன் பின்னே செல்லலாகாது என்பதே வேதத்தின் துணிபு.

பலிப்பதைப் பற்றி அறிய விரும்புவார்க்கு அகுஸ்தீனுவின் சரிதை உதவும். 354ஆம் ஆண்டு ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடபாலிலே பிறந்த அவர், இளமையில் சோதிட நூல்களிலே மூழ்கிக் கிடந்தவர். விண்டிசியானு என்னும் முதிய வைத்தியர், தாமும் ஒருகாலத்தில் அந்நூல்களைக் கற்று, பொய்யென்று கண்டு மருத்துவத்துக்கு வந்ததாகச் சொல்லிப் பார்த்தார், இளைஞர் கேட்கவில்லை. பின்னர் பிர்மினு என்னும் நண்பர் தம் பிறப்பைப் பற்றிய வரலாறு ஒன்றைக் கூறினார். அவருடைய தந்தையாரும் தந்தையாரின் தோழரும் சோதிடப் பித்தர். இவர் மனைவி கருவுற்ற காலத்திலே அவர் வீட்டு அடிமைப்பெண்ணும் கருவுற்றாள். இருவரும் ஒரே கணத்திலே மகப்பெற, இரு வீட்டிலிருந்தும் புறப்பட்ட தூதர் நடுவழியிலே சந்தித்தனர். ஆதலின் இரண்டு ஜாதகமும் ஒன்றே. ஒரு பிள்ளை செல்வத்திலே வளர்ந்து சிறந்தது. மற்றது அடிமையாகவே உழைத்தது. இதனைக் கேட்ட பின்னரே அகுஸ்தீனுவின் மனம் முற்றும் திரும்பிற்று.

“சாஸ்திரிகள் நட்சத்திரத்தைப் பார்த்துத்தானே பாலகரைக் காண வந்தார்கள்?” என்று கிறிஸ்துமஸ் காலத்திலே மாணாக்கர் எம்மை வினவுவதுண்டு. நல்ல வினா. நட்சத்திரத்தைக் கண்டு வந்தவர் எருசலேமிலே நின்று வழி கேட்டனர். அவ்வினாவின் பின்விளைவாய்ப் பெத்லகேமின் குழந்தைகள் மாண்டன. இதனைச் சோதிடத்துக்கு நற்சான்றாகக் கொள்வார் சற்றே மேலும் படித்துப் பார்த்தல் வேண்டும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். சங்கப் பாட்டுக்களிலே வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. அதனைப் பாடிய சிறப்பால் வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் பெற்ற புலவரும் ஒருவர் உளர். தலைவி தான் விரும்பிய தலைவனைக் காணப்பெறாது மெலிகின்றாள். உடல் வாடுகின்றது, வளை நெகிழ்கின்றது. மகளின் மெலிவைக் கண்ட தாய் கட்டுவிச்சியை அழைக்கின்றாள். முறத்திலே நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கின்றனர். வேலன் வருகின்றான், கழங்கை எண்ணி, இது முருகனால் வந்த நோய் என்கின்றான். ஆட்டுக்குட்டி பலியாகின்றது, இரவெல்லாம் ஆட்டம். உண்மையை அறிந்த இருவர் அவ்வீட்டிலேயே இருக்கின்றனர். தலைவியும் தோழியுமே அவர். அவர்களை ஒருவரும் வினவவில்லை. எம் ஆசிரியர் இத்துறையைப் பாடஞ்சொல்லும்போது, “தாய் எல்லாரையும் கேட்டாள், மகளைக் கேட்கவில்லை” என்று சொல்லிச் சற்று நிறுத்துவார். அப்போது யாம் அதனை நயம் என்று மட்டுமே எண்ணினோம்.

முல்லைப்பாட்டிலே வரும் விரிச்சி வேறுவகை. முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவித் தொழுது ஊர்ப்புறத்தே நிற்க, ஆய்மகள் ஒருத்தி கன்றைத் தேற்றும் சொல் அவர்கள் காதிலே விழுகின்றது. அதனை நன்னிமித்தமாகக் கொள்கின்றனர். கிறிஸ்தவராய் இருந்தும் அப்பகுதி எமக்கு இனியதே. இனியதென்று சொல்ல நாணமும் இல்லை. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) மூட நம்பிக்கைகளைக் கண்டித்துச் சாஸ்திரக் கும்மி பாடியவர். அவரேதான் குறத்தியையும் குறியையும் கருவியாகக் கொண்டு பெத்லகேம் குறவஞ்சியையும் பாடினார். இலக்கியத்திலே குறத்தியைக் கண்டு மகிழ்வது ஒன்று. மகளின் வாழ்வை அவள் கோலுக்கு ஒப்புவிப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பள்ளியிலே குறவஞ்சி படிப்பிக்கலாகாதென்று எம்மோடு மல்லுக்கு நின்ற உபதேசியார் ஒருவரையும் யாம் கண்டதுண்டு. அது நிற்க.

வேலனை அழைத்த தாயைப் போன்றவன் சவுல் அரசன். குறிகாரரைத் தேசத்தினின்றும் துரத்தியவன் அவனே. சாமுவேல் உயிரோடிருந்த காலத்திலே அவர் சொன்னவற்றைக் கேளாமல் விட்டான். பெலிஸ்தரின் சேனையைக் கண்டு நடுங்கியபோது, மாறுவேடம் பூண்டு, இரவிலே இருவரோடு எந்தோருக்குச் சென்று, மரித்த சாமுவேலை எழுப்பித் தருக என்றான். உயிரோடிருந்தவரைக் கேளாதவன் மரித்தவரைக் கேட்கப் போனான். போனவனுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. முன்னே சொல்லப்பட்டதே மீண்டும் கிடைத்தது, மறுநாள் சாவும் அதனோடு கிடைத்தது. இவ்வரலாற்றிலே எம் மனத்தைத் தொடுவது அக்குறிகாரியின் செய்கை. அஞ்சி வீழ்ந்த அரசனை எழுப்பி, கொழுத்த கன்றை அடித்து, அப்பம் சுட்டு, உண்பித்து அனுப்பினாள். குறி சொல்வாரை ஏசுதற்கு வேதத்திலே நமக்கு உரிமைச்சீட்டு இல்லை. கிளிக்கூட்டோடு வெயிலிலே அமர்ந்திருப்பவர் வயிற்றுக்கு அமர்ந்திருக்கின்றார். யாம் வினவுவது அவரையன்று, அவர்முன் குந்தியிருக்கும் நம்மை.

எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம். இனிச் சொல்வதை இதுகாறும் எவரிடத்தும் சொன்னதில்லை. எமக்கு அப்போது வயது பன்னிரண்டு. எம் அன்னையாரின் இரண்டு பவுன் சங்கிலி காணாமற் போயிற்று. அன்னையார் உபதேசியார் ஒருவரின் மகள். நாள்தோறும் வேதம் வாசிப்பவர். மூன்று நாள் தேடிவிட்டு, நான்காம் நாள் இரவு தந்தையார் ஊரில் இல்லாத வேளையிலே, எம்மைக் கையில் டார்ச்சு விளக்குப் பிடிக்கச் செய்து, இரண்டு கல் தொலைவிலுள்ள ஊருக்கு அழைத்துச் சென்றார். அங்கே மை போட்டுப் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். வெற்றிலையிலே மையைத் தடவி விளக்கின் முன் வைத்து, பிள்ளையின் கண்ணுக்குத்தான் தெரியும் என்று சொல்லி எம்மை உட்காரவைத்தார்.

“தம்பி, யாராவது தெரிகிறதா?”

எமக்குத் தெரிந்தது விளக்கின் சுடர் ஒன்றே. ஆயினும் அவர் மும்முறை கேட்டார். அன்னையார் எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிகிறது என்றோம். ஆணா பெண்ணா என்றார், பெண் என்றோம். குட்டையா நெட்டையா என்றார், குட்டை என்றோம். வீட்டுக்குள் வந்து போகிறவள்தானே என்றார், ஆம் என்றோம். பெயரை யாம் சொல்லவில்லை. அன்னையார் சொன்னார்.

எம் வீட்டுக்கு நெல் அவிக்கவும் மாவு இடிக்கவும் வந்த மூதாட்டி அவர். கைம்பெண். ஆச்சி என்றே அவரை அழைப்போம். மறுநாள் காலையில் அவர் வந்தபோது வாசலிலேயே நிறுத்தப்பட்டார். என்ன சொல்லப்பட்டதென்பதை இங்கே திரும்பச் சொல்ல எம் நா எழவில்லை. ஊர் முழுதும் அச்செய்தி பரவிற்று. அதனைப் பரப்பியவருள் யாமும் ஒருவர், மையிலே யாமே கண்டோம் என்று பள்ளிக்கூடத்திலே பெருமை பேசினோம். எட்டு மாதம் கழித்துக் குலுக்கையின் அடிநெல்லை வழித்தபோது சங்கிலி கிடைத்தது. அதற்குள் ஆச்சி தம் மகள் ஊருக்குப் போய்விட்டார். அன்னையார் ஒரு புடவை வாங்கிக்கொண்டு அங்கே சென்றார். ஆச்சி புடவையை வாங்கிக்கொண்டார். காப்பி போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வரவில்லை. மையிலே ஒன்றும் தெரியவில்லை என்பதை எம் அன்னையாரிடம் கூறாமலே அவரை அடக்கம் செய்தோம்.

குறி கேட்டல் முதலாம் கற்பனையை மீறுவது என்றே குருமார் பிரசங்கிப்பர். அது சரியே. எம் வீட்டிலோ, பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி சொல்லற்க என்னும் கற்பனையே முதலில் உடைந்தது. செய்வினை என்று எவரேனும் சொல்லக்கேட்டு அண்ணன் தம்பியர் பேச்சற்றிருக்கும் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். ராசி இல்லாதவள் என்று பெயர் கேட்ட மருமகளையும் அறிவீர்கள். ஆச்சியை அழைத்து உட்காரவைத்து, சங்கிலியைக் கண்டதுண்டா என்று அன்போடு கேட்டிருந்தால், குலுக்கையிலும் தேடிப் பாருங்கள் அம்மா என்று அவரே சொல்லியிருக்கக்கூடும். நெல்லை அதிலே கொட்டுகிறவர் அவர்தாமே.

சோதிடரிடம் செல்லாதிருப்போர் மார்தட்டிக் கொள்ளற்க. சபைக்குள்ளேயே குறி நுழைந்திருக்கின்றது. புத்தாண்டு இரவிலே வாக்குத்தத்த அட்டை எடுக்கின்றோம். நல்ல வசனம் ஒன்றை ஆண்டு முழுதும் நினைத்திருத்தல் நன்றே. ஆயினும் கண்டிப்பான வசனம் வந்தால் அதனை உள்ளே போட்டுவிட்டு மற்றொன்றை எடுக்கும் கைகளை யாம் கண்டிருக்கின்றோம். வேதத்தைக் கண்மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தைக் கொண்டு மனை வாங்குவாரும் உளர். அகுஸ்தீனு மனந்திரும்பிய நாளிலே தாமும் நிருபத்தைத் திறந்து கண்பட்ட பகுதியை வாசித்தவர்தாம். எனினும் பின்னாளில் எழுதிய கடிதம் ஒன்றிலே, உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷ ஏடுகளைக் கொண்டு சீட்டுப் பார்ப்பது, பேய்களிடம் குறி கேட்பதிலும் மேலாயினும், தமக்கு உடன்பாடன்று என்றார். 1760ஆம் ஆண்டிலே தரங்கம்பாடிக்கு வந்து சில பத்தாண்டு வாழ்ந்த மொரேவிய சகோதரர், பக்தியிலே எவர்க்கும் குறைந்தவரல்லர். அவர்கள் சபையிலே விவாகங்களையும் சீட்டுப் போட்டே தீர்மானித்து வந்தனர். சபையாருக்கு அக்கட்டாயத்தை 1818ஆம் ஆண்டில் தாங்களே நீக்கிவிட்டனர்.

இவற்றினும் கொடியது, மேடையிலே நின்று, இங்கே இன்ன எழுத்திலே பெயர் தொடங்கும் சகோதரி ஒருத்தி இருக்கிறாள், அவள் வீட்டிலே ஓர் எதிரி இருக்கிறான் என்று உரைக்கும் வழக்கம். மை போட்டவர் கேட்ட கேள்விகளுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? எம் காதுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அவராவது வெற்றிலையை வைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் சொன்ன பின்னர், நம்மவர் ஏன் போகின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். எம்மோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர், மகனைப் பறிகொடுத்தவர், ஆண்டுக்கு இருமுறை ஒரு சோதிடரிடம் செல்வார். அவர் சொல்வதை நம்புகின்றீர்களா என்று யாம் வினவியபோது, “நம்பவில்லை ஐயா, அவர் அரைமணி நேரம் நான் சொல்வதைக் கேட்கிறார்” என்றார். எங்கள் குருவானவர் அடக்கத்துக்கு வந்தார். மூன்றாம் மாதத்திலே வரவில்லை. யாமும் செல்லவில்லை. அண்டை வீட்டார் துயரை உட்கார்ந்து கேளாத சபைக்கு, அவர்கள் சோதிடரிடம் போவதைக் கண்டிக்கும் வாய் எங்கிருந்து வந்ததென்று அன்று எமக்கே தோன்றிற்று. அவ்வம்மையார் வீட்டுக்கு அதன்பின் எம் மனைவியார் அவ்வப்போது சென்று வருகின்றார். அவர் சோதிடரை விட்டுவிட்டாரா என்று கேட்டதில்லை.

இனி, முதலிலே யாம் கூறாது விட்ட செய்தி. எம் மூத்த மகளுக்கு ஓர் இடத்திலிருந்து விவாகப் பேச்சு வந்தது. நம் சமூகத்தார்; நல்ல கிறிஸ்தவக் குடும்பம்; பையன் படித்தவன், வேலையில் இருப்பவன். அவ்வீட்டார் இவ்வவையில் இல்லை. எல்லாம் இசைந்து வருகையிலே, “பெண் பிறந்த நேரத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்களின் மனத்திருப்திக்காகத்தான்” என்று கைப்பேசியிலே செய்தி வந்தது. எம் மனைவியார், “ஒரு வரிதானே, அனுப்பிவிட்டால் என்ன? இந்த இடம் தப்பினால் இப்படி ஓர் இடம் அமையுமா?” என்றார். அவர் அச்சத்திலே நியாயம் உண்டு. பெண்ணைப் பெற்றோர் அதனை அறிவர். யாமும் இரண்டு நாள் வாளாவிருந்தோம். அனுப்பிவிடலாமென்றும் ஒருகால் எண்ணினோம், மறைப்பானேன்?

மூன்றாம் நாள் இரவு, வகுப்பிலே வெறியாட்டுத் துறையைப் படிப்பித்து வீடு திரும்பியவர், மகளை அழைத்து உட்காரவைத்து, அம்மா, உன் விருப்பம் என்ன என்று கேட்டோம். இருபத்துமூன்று ஆண்டுகளில் அவளை யாம் அவ்வாறு கேட்டது அதுவே முதன்முறை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர், “அவர்களுக்கு என்னைப் பற்றி என்ன தெரியவேண்டுமோ, நேரில் வந்து என்னிடமே கேட்கட்டும் அப்பா. நானும் கேட்கவேண்டியது சில இருக்கிறது” என்றாள்.

அவ்வண்ணமே எழுதினோம். பிறந்த நேரம் ஒன்றைத் தவிர வேறு யாதும் கேட்கலாம். மகளின் படிப்பு, உடல்நலம், குணம், எம் வீட்டின் மேலுள்ள கடன், எம் பிழைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் விடை தருவோம். மகள் தானும் விடை கூறுவாள், தானும் வினவுவாள் என்று குறித்து அனுப்பினோம். பதினெட்டு நாள்கள் ஆயின. மறுமொழி இன்னும் வரவில்லை. எம் மனைவியார் கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்க்கின்றார். அவர் அடுக்களைக்குச் சென்றபின் யாமும் எடுத்துப் பார்க்கின்றோம்.